வாயில் நிற்காத கார்டு பல்லைக் காக்காது

பல் மருத்துவர் பதில்கள்

அடிபட்ட முன்பற்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதில், விளையாடும்போது பல்லைக் காக்க வாயில் மாட்டிக்கொள்ளும் உறையான மவுத் கார்டு பற்றி ஒரு வரி வந்ததும் அம்மாக்கள், விளையாட்டு வீரர்கள், பி.டி. மாஸ்டர் என்று பலரும் எழுதிக் கேட்டுவிட்டார்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகளுக்கு வயது 11. பள்ளி ஹாக்கி அணியில் சேர்ந்திருக்கிறாள். மவுத் கார்டு இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்று கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையில் அப்படியே போட்டுக்கொள்வது, வெந்நீரில் போட்டுக் கடிப்பது என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். பல் டாக்டரிடம் அளவு கொடுத்தும் செய்யலாமாமே? எதை வாங்குவது, டாக்டர்?

பதில்: முதலில் அந்தக் கோச்சுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஹாக்கியில் பந்தும் மட்டையும் எந்த உயரத்துக்கு எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாயில் பட்டால் பெரும்பாலும் அடிவாங்குவது மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும்தான். அவை நிலைப்பற்கள், போனால் மறுபடி முளைக்காது. 11 வயதில் ஒரு முன்பல்லை இழக்கும் பெண், தாடை வளர்ந்து முடியும் வரை தற்காலிகப் பல், அதன் பிறகு நிரந்தர ஏற்பாடு, அதற்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பராமரிப்பு என்று காலம் முழுக்கப் பல் டாக்டர் நாற்காலிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அப்படியே போட்டுக்கொள்ளும் வகையை விட்டுவிடுங்கள். எல்லோர் வாய்க்கும் பொதுவாக ஒரு வடிவத்தில் வார்த்தது அது. பல்லை இறுக்கிக் கடித்திருக்கும் வரைதான் வாயில் நிற்கும். உங்கள் மகள் ஓட வேண்டும், வாயால் மூச்சு வாங்க வேண்டும், பந்தைக் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்ததுமே நழுவுகிற ஒன்றைச் சற்று நேரத்தில் கையில் எடுத்துக்கொண்டுவிடுவாள், பிறகு பையில் போட்டுவிடுவாள். மவுத் கார்டில் நான் பார்க்கும் முதல் குணம் ஒன்றுதான்: கடிக்காமலே, தானாக, மேல் பற்களில் பிடித்து நிற்கிறதா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் குணம் முழுமையாக இருப்பது அளவெடுத்துச் செய்ததில். மேல்தாடைக்கு அச்சு எடுத்தோ, ஸ்கேனரால் படம் பிடித்தோ மாதிரி செய்து, அதன் மேல் ஈ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிடேட் தாளைச் சூடாக்கிப் படிய வைப்போம். ரப்பர் போல வளைந்து கொடுக்கும் இந்தப் பொருள், ஓர் இடத்தில் விழும் அடியைப் பல பற்களுக்கும் பரப்பிவிடுகிறது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மோதிக்கொள்ளாமல் தடுக்கிறது. உதட்டுக்கும் பல்லின் கூர்மைக்கும் நடுவே நிற்கிறது. உதடு கிழிந்து தையல் போட வரும் பிள்ளைகளில் பலருக்கு அதைக் கிழித்தது சொந்தப் பல்தான்.

செய்து தருபவரிடம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: “செய்து முடித்த பிறகு முன்பல் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?” 3 மி.மீ. தாளில் செய்தேன் என்று பதில் வந்தால் அது போதாது. சூடான தாள் இழுபட்டுப் படியும்போது மெலிந்துவிடும், அதிலும் முன்பல் நுனியில் அதிகமாக. முன்பக்கமும் கடிக்கும் பரப்பும் முடிந்த நிலையில் ஏறத்தாழ 3 மி.மீ., அண்ணப் பக்கம் 2 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு தாள்களை அழுத்தத்தில் ஒட்டிச் செய்யும் முறையில் இந்தக் கனத்தைக் காப்பாற்றுவது எளிது. பாக்சிங் போன்ற ஆட்டங்களுக்கு முன்பக்கம் 4 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் கனம் கூட்டினால் பாதுகாப்பு பெரிதாகக் கூடுவதில்லை, பேச்சும் மூச்சும்தான் சிரமப்படும்.

இனி உங்கள் மகளின் வயதுக்கு வருகிறேன். 11 என்றால் கோரைப்பல், சிறிய கடைவாய்ப்பல் எல்லாம் பால் பல்லைத் தள்ளிவிட்டு ஏறி வரும் காலம். இன்று அச்சாகப் பொருந்தும் கார்டு சில மாதங்களில் முளைத்து வரும் பல்லை அழுத்தலாம், அல்லது கழன்று ஆடலாம். ஏறி வரும் பல்லுக்கு இடம் விட்டுச் செய்யச் சொல்லலாம். ஆனாலும் மாற்ற வேண்டிய நாள் சீக்கிரம் வரும். அதனால் இந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகையில் நல்லதாக ஒன்றை வாங்கி, சரியாகப் பதிய வைத்து, ஒவ்வொரு ஆட்டப் பருவத்தின் தொடக்கத்திலும் புதிது மாற்றுவது நியாயமான வழி என்பது என் கருத்து. நிலைப்பற்கள் எல்லாம் வந்து நின்ற பிறகு அளவெடுத்துச் செய்யுங்கள். மேல் முன்பற்கள் தூக்கலாக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அப்படிப்பட்ட பற்களுக்குத்தான் அடிபடும் ஆபத்து கூடுதல். இப்போதே அளவெடுத்துச் செய்துவிடுங்கள்.

எந்த வகையானாலும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கார்டைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து, தலையைக் குனிந்து, இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். விழக் கூடாது. பிறகு தன் பெயரையும் அணியில் உள்ள பெண்களின் பெயர்களையும் சொல்லச் சொல்லுங்கள். மற்றவருக்குப் புரிய வேண்டும். பின்விளிம்பு குமட்டலை உண்டாக்கக் கூடாது. வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கார்டைத் தொட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடித்தால் சில வாரங்களில் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் வலி வரும். கடைசியாக, போட்டுக்கொண்டே ஓடிக் காட்டச் சொல்லுங்கள். ஓடி முடித்ததும் அவள் கை வாய்க்குப் போகவில்லை என்றால் நல்ல கார்டு கிடைத்துவிட்டது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், பாக்சிங் பயிற்சி எடுக்கிறேன். வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மவுத் கார்டு வாங்கி, நன்றாகப் பதியட்டும் என்று பல்லை இறுக்கிக் கடித்தேன். இரண்டு வாரத்தில் தளர்ந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கொதிநீரில் போட்டும் சரியாகவில்லை. கோளாறு கார்டிலா, என்னிடமா?

பதில்: தம்பி, அந்த இறுக்கிக் கடித்ததில்தான் இருக்கிறது. பெட்டியின் மேல் ‘கடிக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதால் கிட்டத்தட்ட எல்லோருமே பலம் கொண்ட மட்டும் கடிக்கிறார்கள். இளகிய நிலையில் அப்படிக் கடித்தால் பல்லுக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள் பக்கவாட்டில் பிதுங்கிப் போய்விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கடைவாய் பக்கம் மறுபுறம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கும். உங்கள் ஆட்டத்தில் தாடையில் கீழிருந்து குத்து விழும்போது பல்லைக் காக்க வேண்டிய கனம் அதுதான். ஒவ்வொரு முறை மறுபடி காய்ச்சும்போதும் இன்னும் மெலியும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

காய்ச்சும் முன் ஒரு வேலை இருக்கிறது. குளிர்ந்த நிலையிலேயே வாயில் வைத்து நீளம் பாருங்கள். பின்பக்கம் ஈறில் குத்தினாலோ குமட்டினாலோ கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். முதல் பெரிய கடைவாய்ப்பல் முழுவதும் மூடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வெட்டக் கூடாது. கார்டு லேசாக இருக்கட்டும் என்று பாதியளவுக்கு வெட்டிக்கொள்ளும் வீரர்களைப் பார்க்கிறேன். அப்படி வெட்டினால் பிடிப்பும் போகும், அடி முழுவதும் முன்பற்களில் இறங்கும். மேலுதட்டின் உள்பக்கம் நடுவில் ஈறோடு இணைக்கும் மெல்லிய சதை நாண் ஒன்று உண்டு. கார்டின் விளிம்பு அதில் இடித்தால் அங்கே சிறு பள்ளமாகச் செதுக்குங்கள்.

எத்தனை நொடி வெந்நீரில் இருக்க வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கூடவே வரும் தாளைப் படியுங்கள். நண்பர் சொன்ன கணக்கு உங்கள் கார்டுக்குப் பொருந்தாது. நீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, ஓட்டைக் கரண்டியில் வைத்து அமிழ்த்துங்கள். எடுத்து உதறி, வாய் வெந்துபோகாமல் இருக்கக் குளிர்ந்த நீரில் ஒரு கணம் காட்டுங்கள். கண்ணாடி முன் நின்று, கார்டின் நடுக்கோட்டை இரண்டு முன்பற்களின் நடுவோடு சேர்த்து, கட்டைவிரல்களால் மேலே தள்ளி உட்கார வையுங்கள். இப்போது மெதுவாகக் கடியுங்கள், கீழ்ப்பல்லின் தடம் விழும் அளவுக்கு மட்டும். பிறகுதான் உண்மையான வேலை: உள்ளே இருக்கும் காற்றையும் நீரையும் உறிஞ்சுங்கள், நாக்கால் அண்ணப் பக்கத்தை மேலே அழுத்துங்கள், வெளியே விரல்களால் உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் அழுத்தித் தடவுங்கள். கார்டு பல்லைப் பிடிப்பது இந்த உறிஞ்சலாலும் அழுத்தலாலும்தான், கடியினால் அல்ல. தாளில் சொன்ன நேரம் முடிந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

வாரத்தில் பல நாள் ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி) போகிறீர்கள் என்றால் பணம் சேர்த்து அளவெடுத்த கார்டுக்கு மாறிவிடுங்கள். மேல், கீழ் இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் கார்டு வேண்டாம். மூச்சு வாங்குவது கடினம். கீழ்த்தாடை முன்னுக்கு நீண்டு, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் கடிப்பவர்களுக்கு மட்டும் கீழ்வரிசைக்குக் கார்டு செய்வோம்.

இந்தப் பொருளே உங்கள் ஆட்டத்திலிருந்து பிறந்ததுதான், தம்பி. லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராஸ், 1890-ல் குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் பட்டை செய்து, குத்துச்சண்டை வீரர்களின் மேற்பல்லில் வைத்து அனுப்பினார். வெகுகாலம் அதைப் பலர் ஏற்கவில்லை. 1927-ல் நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மக்டீக், உடைந்த பல் உதட்டை அறுத்து ரத்தம் நிற்காமல் ஆட்டத்தை இழந்தார். வாய்க்காப்பு குத்துச்சண்டையில் நிலைத்ததற்கு அந்த ஆட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் யாரும் மவுத் கார்டு போடுவதில்லை. முட்டி மோதும் விளையாட்டுகளுக்குத்தானே அது? போட்டால் மூச்சு திணறாதா?

பதில்: கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டு) நான்கு பேர் சேர்ந்து குதிக்கும்போது முழங்கைகள் இருக்கும் உயரம் எது? பக்கத்தில் நிற்பவரின் வாய். முகக்கவசமோ ஹெல்மெட்டோ இல்லாமல் அவ்வளவு நெருக்கமாக ஆடும் விளையாட்டு அது. பல் உடைந்து வருபவர்களில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் எப்போதும் உண்டு.

கார்டினால் உண்மையில் பயன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் நியூசிலாந்தைக் காட்டுவேன். அங்கே 1990-களின் பிற்பகுதியில் ரக்பி ஆட்டக்காரர்களுக்கு மவுத் கார்டைக் கட்டாயமாக்கினார்கள். 1995-ஐயும் 2003-ஐயும் ஒப்பிட்டால், ரக்பியில் பல் அடிபட்டதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்திருந்தன. அமெரிக்கக் கால்பந்தில் பள்ளி வீரர்களுக்கு 1962-லும் கல்லூரி வீரர்களுக்கு 1973-லும் கட்டாயமாக்கிவிட்டார்கள். கூடைப்பந்துக்கு அப்படி ஒரு கட்டாயம் பல இடங்களில் இல்லை என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது.

மூச்சைப் பொறுத்தவரை, நன்றாகப் பொருந்திய மேல்வரிசைக் கார்டு உங்கள் ஓட்டத்தைக் குறைக்காது. முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும். வீட்டில் படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள், பழகிவிடும்.

உங்கள் ஆட்டத்தில் மவுத் கார்டு என்றதும் பலருக்கு அமெரிக்க வீரர் ஸ்டீபன் கரி நினைவுக்கு வருவார். ஃப்ரீ த்ரோ போடும்போது கார்டைப் பாதி வெளியே தள்ளிக் கடித்துக்கொண்டு நிற்பார். எறிதலில் அவரைப் பின்பற்றுங்கள், இதில் வேண்டாம். மென்றுகொண்டே இருந்தால் விளிம்பு பிய்ந்து, கடிபரப்பு மெலிந்து, கார்டின் ஆயுள் பாதியாகிவிடும். பிய்ந்த விளிம்பு கன்னத்தையும் ஈறையும் உரசிப் புண்ணாக்கும்.

கேள்வி: என் மகன் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறான். கால்பந்து ஆடுகிறான். கிளிப் மேலேயே கார்டு போடலாமா?

பதில்: கிளிப் இருப்பதால்தான் அவசியம் போட வேண்டும். அடிபட்டால் அந்தக் கம்பியும் கொக்கியும் உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிடும்.

ஆனால் சாதாரணமாக வெந்நீரில் போட்டுப் பதிக்கும் கார்டை அவனுக்கு வாங்காதீர்கள். இளகிய பிளாஸ்டிக் கிளிப்பின் இடுக்குகளில் புகுந்து இறுகினால் எடுக்கும்போது கிளிப்பையே பெயர்த்துக்கொண்டு வரும். தவிர, சிகிச்சையே பல்லை நகர்த்தத்தான். பல்லை அச்சாகப் பிடித்துக்கொள்ளும் கார்டு அந்த நகர்வைத் தடுக்கும், சில வாரங்களில் பொருந்தாமலும் போகும். கிளிப் போட்டவர்களுக்கென்றே, உள்ளே அகலமான பள்ளத்தோடு சிலிகோன் கார்டுகள் இருக்கின்றன. காய்ச்சாமல் அப்படியே போடுவது. அல்லது கிளிப் போட்ட மருத்துவரிடமே கேளுங்கள். மாதிரியில் கிளிப் இருக்கும் இடங்களை அடைத்து, பல் நகர இடம் விட்டுச் செய்து தருவார். கம்பி மாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் கார்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். கீழ்ப்பல்லிலும் கிளிப் இருந்தால் அதற்கும் காப்பு வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டும் ரிட்டெய்னரோ (கிளிப் எடுத்த பின் பல் நகராமல் பிடிக்கும் கருவி), கழற்றும் பல் செட்டோ வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். அடியில் உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகலாம்.

கேள்வி: நல்ல மவுத் கார்டு போட்டால் தலையில் அடிபட்டாலும் மூளை அதிர்ச்சி வராது என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா?

பதில்: அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். பல், உதடு, தாடை ஆகியவற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உறுதியானது. மூளை அதிர்ச்சியைப் பற்றி, சில விளையாட்டுகளில் ஓரளவு குறையலாம் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024 முதல் உயர்மட்ட ரக்பியில் சென்சார் பதித்த கார்டுகள் பயன்படுகின்றன. அவை தலைக்கு எவ்வளவு விசை வந்தது என்று அளந்து, வீரரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கச் சொல்கின்றன. அளக்கும் வேலைதான், தடுக்கும் வேலை இல்லை. தலையில் அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது என்று எது இருந்தாலும், வாயில் எந்தக் கார்டு இருந்தாலும், ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: என் கார்டில் நாற்றம் வருகிறது, வெள்ளைத் திட்டுகள் படிந்திருக்கின்றன. டூத் பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவரில் போட்டு மூடி வைக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அக்கறையோடு செய்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் அந்த மூன்றையுமே மாற்ற வேண்டும்.

பேஸ்ட்டில் பல்லைத் துலக்குவதற்கென்று நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. பல்லின் எனாமல் கடினமானது, தாங்கும். ஈ.வி.ஏ. மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்தக் கீறல்களுக்குள் கிருமிகள் குடியேறும். பயன்படுத்திய கார்டுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றில் பாக்டீரியாக்களோடு ஈஸ்ட், பூஞ்சை வகைகளையும் கண்டிருக்கிறார்கள். அதே கார்டின் பிய்ந்த விளிம்பு வாயில் புண்ணையும் உண்டாக்கினால், அவை உள்ளே போகக் கதவைத் திறந்து விட்டது போலாகும்.

வெந்நீர் வேறு வகையில் கெடுக்கும். சூட்டில் இளகித்தானே இந்தப் பொருள் வடிவம் எடுத்தது? மறுபடி சூடு பட்டால் அந்த வடிவத்தை விட்டுவிடும். கொதிக்கக்கூட வேண்டியதில்லை, வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தாலே போதும். முந்தின நாள் வரை கச்சிதமாக இருந்தது இன்று ஆடுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எங்கே வைத்திருந்தீர்கள்?”

மூடிய கவரில் ஈரம் போகாது. நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

இப்படிச் செய்யுங்கள். ஆட்டம் முடிந்து கழற்றியதும், எச்சில் காயும் முன், குளிர்ந்த நீரில் அலசுங்கள். மைதானத்தில் குழாய் இல்லாவிட்டால் உங்கள் தண்ணீர் பாட்டிலே போதும். வீட்டுக்கு வந்ததும் இதற்கென்று தனியாக வைத்திருக்கும் மென்மையான பிரஷ்ஷால், மணம் குறைந்த திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டு, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் தேய்த்து நன்றாக அலசுங்கள். உதறிவிட்டு, நிழலில் காற்றாட வைத்து முழுக்கக் காய விடுங்கள். காய்ந்த பிறகு துளைகள் உள்ள கெட்டியான பெட்டியில் வையுங்கள். பெட்டியையும் கழுவுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழுக்குப் பெட்டியில் சுத்தமான கார்டை வைத்தால் பட்ட பாடு வீண். போட்டுக்கொள்ளும் முன்பும் ஒருமுறை நீரில் அலசுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, பல் செட் சுத்தம் செய்யும் மாத்திரையைக் குளிர்ந்த நீரில் கரைத்து, அட்டையில் சொன்ன நேரம் ஊற வைக்கலாம். பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளைத் திட்டு எச்சிலில் உள்ள தாது உப்பு படிந்தது, பல்லில் காறை பிடிப்பது போலத்தான். ஆரம்பத்தில் மாத்திரையில் ஊற வைத்தாலே இளகிவிடும். இறுகிவிட்டால் சுரண்டாதீர்கள், பல் மருத்துவரிடம் கொண்டு போனால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்துத் தருவார்.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு நாய் தேடி வந்து கடித்துவிடும். டிஷ்யூவில் சுற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம், யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

எப்போது மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடித்துக் கடித்து ஓட்டை விழுந்தால், விளிம்பு கிழிந்தால், வாய் திறந்ததும் நழுவினால், சுத்தம் செய்தும் நாற்றம் போகாவிட்டால் மாற்றிவிடுங்கள். வாயில் புதிதாக ஒரு பல் அடைத்தாலும், கேப் (பல்லின் மேல் ஒட்டும் உறை) போட்டாலும், பல் எடுத்தாலும் பழைய கார்டு பொருந்தாது.

கேள்வி: அண்ணன், தம்பி இரண்டு பேரும் ஒரே மவுத் கார்டை மாற்றி மாற்றிப் போடலாமா? இருவருக்கும் பல் அமைப்பு ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பதில்: கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒருவர் பல்லுக்குப் பதிந்தது இன்னொருவருக்கு நிற்காது. எச்சில் வழியாக நோயும் பரவும். வேறு வேறு நிறத்தில் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 45 வயது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்காக நைட் கார்டு வைத்திருக்கிறேன். முன்பல் இரண்டுக்குக் கேப் இருக்கிறது. வாரக் கடைசியில் நண்பர்களோடு ஹாக்கி ஆடும்போது அதையே போட்டுக்கொள்கிறேன். போதுமா?

பதில்: போதாது. நைட் கார்டு பல் தேயாமல் காக்கச் செய்தது. பல நைட் கார்டுகள் கெட்டியான அக்ரிலிக். ஈறு வரை மூடாது, அடியை உள்வாங்காது, பலமாகப் பட்டால் உடையும். கேப் போட்ட பல்லுக்கு அடிபட்டால் கேப் மட்டும் போவதில்லை, சில சமயம் அடியில் இருக்கும் வேரும் பிளந்துவிடும். அப்போது அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியிருக்காது. உங்களுக்கு அளவெடுத்த கார்டுதான் சரி. கேப் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: நான் பள்ளியில் பி.டி. மாஸ்டர். போட்டி நாளில் எல்லோரையும் கார்டு போட வைத்துவிடுகிறேன். பயிற்சியின்போது பிள்ளைகள் கேட்பதில்லை. என்ன செய்யலாம்? தப்பித் தவறி மைதானத்தில் பல் விழுந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சார், உங்கள் கேள்வியின் முதல் பாதி எனக்கு மிக முக்கியம். ஆண்டில் போட்டி நாட்கள் எத்தனை, பயிற்சி நாட்கள் எத்தனை? பந்தும் முழங்கையும் இரண்டிலும் ஒன்றுதான். கார்டு இல்லாதவர் பயிற்சிக்கும் இறங்கக் கூடாது என்று ஒரே விதியாக வையுங்கள், எல்லோருக்கும், கேப்டனுக்கும் சேர்த்து. பளிச்சென்ற நிறத்தில் வாங்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்தே வாயில் இருக்கிறதா என்று தெரியும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெள்ளையும் நிறமற்றதும் கூடாது என்று விதியே இருக்கிறது. கழற்றிக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் பிள்ளையைத் திட்டும் முன் அந்தக் கார்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ குத்திக்கொண்டிருக்கும், அல்லது நழுவிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்து கொடுத்தால் போட்டுக்கொள்வான்.

பல் முழுதாகக் கழன்று விழுந்தால், பிள்ளை நினைவோடு இருக்கிறானா என்று முதலில் பாருங்கள். நினைவு இருந்தால் உடனே பல்லைத் தேடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் நார்த்திசு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி ஒட்டும். மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ மெல்ல அலசுங்கள். தேய்க்கவோ துணியால் துடைக்கவோ கூடாது. பல்லின் முன்பக்கம் முன்னால் இருக்கும்படி, விழுந்த குழியிலேயே திரும்பச் செருகி, சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை நடுங்கும், ஆனால் அந்த நேரத்தில் பல்லுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

செருக முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். பால் இல்லையென்றால், பிள்ளையை ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஊறினால் அந்தத் திசு கெடும். காகிதத்தில் சுற்றிக் காய விட்டால் அதைவிட மோசம். வெளியே காய்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் அந்தத் திசு பிழைப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் குழிக்குத் திரும்புகிறதோ அவ்வளவு நல்லது. நேரம் கடந்துவிட்டது என்று பல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், கொண்டு வாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பெற்றோரிடம் கேட்டு வையுங்கள்.

பல் உடைந்து துண்டு மட்டும் விழுந்திருந்தால் அதையும் தேடி எடுத்து, காயாமல் பாலிலோ நீரிலோ போட்டுக் கொண்டு வாருங்கள். பல சமயம் அதையே ஒட்டிவிட முடிகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்பச் செருகாதீர்கள், உள்ளே வளரும் நிலைப்பல் சேதமாகும். ஆனாலும் அன்றைக்கே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.